பழைய பஞ்சாங்கம் ஆவது எப்படி: புதிதாக வயதாகிறவர்களுக்கு

மாத்திரை அட்டையின் பின்பக்கம் இருக்கிற பொடி எழுத்தைப் படிக்க, அதைக் கண்ணிலிருந்து தள்ளித் தள்ளிப் பிடித்து, கடைசியில் கையின் நீளமே போதாமல் போகிற ஒரு நாள் எல்லோருக்கும் வரும். எனக்கு 44 வயதில் வந்தது. பக்கத்தில் இருந்த மகள் ஒன்றும் சொல்லாமல் அட்டையை வாங்கி, செல்போனில் படம் எடுத்து, பெரிதாக்கிக் காட்டினாள். உதவிதான் செய்தாள், இருந்தாலும் எனக்கு அன்றைக்கு முழுக்க மூஞ்சி சரியில்லை. அதற்குப் பெயர் வெள்ளெழுத்து, அது நோய் கிடையாது, கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதாக ஆக விறைத்துப்போய்ப் பக்கத்துப் பொருளுக்கு ஏற்றபடி உப்பிக்கொடுக்க முடியாமல் போவதுதான் காரணம், 40களில் அநேகமாக யாரையும் அது விடுவதில்லை என்பதெல்லாம் பிறகு தெரிந்தது.

அதற்கப்புறம் 8 வருஷம் ஓடிவிட்டது. இப்போது என்னிடம் சாவி கொடுக்கிற கைக்கடிகாரம் இருக்கிறது, மை ஊற்றுகிற பேனா இருக்கிறது, வெந்நீர்ப் பை இருக்கிறது, மத்தியானம் 20 நிமிஷத் தூக்கம் இருக்கிறது, ராத்திரி 9.30 மணிக்கு மேல் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மறுக்கிற பிடிவாதமும் இருக்கிறது. வீட்டில் எனக்குப் பழைய பஞ்சாங்கம் என்று பெயர். நான் மறுப்பதில்லை. ஆனால் இந்தப் பட்டத்தை நான் ஒழுங்காக வாங்கவில்லை, கையைச் சுட்டுக்கொண்டும் பொருளைக் கெடுத்துக்கொண்டும்தான் வாங்கினேன். நீங்கள் கொஞ்சம் சிரமமில்லாமல் வந்து சேரட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன்னால் ஒன்று. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்காதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன், ஒரே மாதத்தில் கடிகாரம், பேனா, இசைத்தட்டு சுழற்றும் பெட்டி, பழைய ரேடியோ என்று வீட்டை நிரப்பினேன், மூன்று மாதத்தில் நான்கும் தூசி படிந்து கிடந்தன. அவற்றின் மேல் ஆசை தீர்ந்துவிடவில்லை, எதையும் எப்படிக் கையாளுவது என்றே எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். பழைய பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. முன்பெல்லாம் வீட்டில் பெரியவர் ஒருவர் செய்வதைப் பார்த்துப் பார்த்தே அது வந்துவிடும், யாரும் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டியதில்லை. நடுவில் ஒரு தலைமுறை அதை விட்டுவிட்டதால் இப்போது பார்த்துக் கற்க ஆளில்லை. பொருள் மட்டும் கடையில் கிடைக்கிறது, பக்குவம் கூட வருவதில்லை. ஆகவே ஒரு பழக்கம், அது கைக்கு வந்த பிறகு அடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதமாவது விடுங்கள்.

முதலில் உடம்பைக் கேளுங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் எங்கெங்கே எரிச்சல் வருகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். எழுத்துத் தெரியவில்லை, பேச்சுப் புரியவில்லை, கால் சில்லென்று இருக்கிறது, ராத்திரி 3 மணிக்கு முழிப்பு வருகிறது, இப்படி. எந்தப் பழைய பழக்கம் உங்களுக்கு வேண்டும் என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும். வயதானவர்கள் செய்வதை எல்லாம் நாம் வெறும் வழக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம், எனக்கு இப்போது அதில் பாதி உடம்பு கேட்டு வாங்கியது என்றே படுகிறது.

விளக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 வயதுக் கண்ணின் பாவை சுருங்கி, வில்லையும் மஞ்சளடித்துப்போவதால், 20 வயதுக் கண்ணின் விழித்திரைக்குப் போகும் வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் அதன் விழித்திரைக்குப் போய்ச் சேருகிறது. எனவே கூரையில் எரிகிற விளக்கு போதும் என்று பிள்ளைகள் சொல்வது அவர்கள் கண்ணுக்கு உண்மை, நம் கண்ணுக்கு இல்லை. வளைகிற கழுத்துள்ள ஒரு மேசை விளக்கு வாங்குங்கள். வலது கையால் எழுதுகிறவர் அதை இடப்பக்கம் வையுங்கள், இடது கைக்காரர் வலப்பக்கம், அப்போதுதான் எழுதுகிற கையின் நிழல் தாள்மேல் விழாது. விளக்கின் குமிழ் உங்கள் கண்ணுக்கு நேரே தெரியாத அளவுக்குத் தாழ்த்துங்கள். எனக்கு இந்த ஒன்றே ஒன்றில் பாதித் தலைவலி போய்விட்டது.

காதும் அப்படித்தான். வயதாகும்போது முதலில் போவது கீச்சொலிகள். உயிரெழுத்துகளின் ஒலி தாழ்வானது, அது நன்றாகக் கேட்கும், ஆனால் ஸ, ஃப போன்ற மெய்யொலிகள் உயரத்தில் இருப்பதால் உதிர்ந்துவிடும். "சத்தம் கேட்கிறது, என்ன சொன்னாய் என்றுதான் தெரியவில்லை" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசுகிற கூடத்தில் இது இன்னும் மோசம். ஆகவே கூட்டம் பிடிக்காமல் போனால் உங்களுக்குக் குணம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், சுவருக்கு முதுகைக் கொடுத்து, பேசுகிறவர் முகம் தெரிகிற மாதிரி உட்காருங்கள், இரண்டு பேரோடு பேசுகிற மாலை நேரங்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். அப்படியும் சிரமம் என்றால் காதைச் சோதித்துப் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளக் கூச்சப்படாதவர்கள் காதுக் கருவிக்கு மட்டும் ஏன் பத்து வருஷம் தள்ளிப்போடுகிறார்கள் என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

குளிரும் தாகமும் சேர்ந்தே மாறுகின்றன. தாக உணர்ச்சி மங்கிவிடும், உடம்புக்குத் தண்ணீர் தேவைப்பட்டாலும் வாய் கேட்காது. படுக்கைக்குப் பக்கத்தில் மூடிபோட்ட ஜாடி வைத்துக்கொள்ளும் பழக்கத்துக்கு இதுதான் அர்த்தம். தோளில் ஒரு சால்வையோ ஸ்வெட்டரோ எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். போட்டுக்கொள்வதற்கு யாரிடமும் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

தூக்கம்

இளவயதில் நள்ளிரவு வரை விழித்திருந்தவரை வயதானபின் 9 மணிக்கே கண்ணைச் சொருகவைப்பது உடம்புக்குள் இருக்கும் கடிகாரம்தான், அது கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துவிடுகிறது. சீக்கிரம் தூக்கம், சீக்கிரம் முழிப்பு. இதோடு சண்டை போட்டு, டிவி முன்னால் கொட்டாவி விட்டபடி 11 மணி வரை உட்கார்ந்திருந்தால், காலையில் முழிப்பு என்னவோ அதே 5 மணிக்குத்தான் வரும், நடுவில் இரண்டு மணி நேரம் நஷ்டம். வயதானால் தூக்கம் குறைவாகப் போதும் என்பதும் பொய், 7 முதல் 8 மணி நேரம் அப்போதும் வேண்டும். சரி, செய்ய வேண்டியது என்ன? உங்களுக்குத் தானாக முழிப்பு வருகிற நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் பின்னால் எண்ணி, அதைப் படுக்கிற நேரம் என்று அறிவித்துவிடுங்கள். அறிவிப்பது முக்கியம். மௌனமாகச் செய்தால் ஒவ்வொரு ராத்திரியும் யாராவது ஒருவர் அதை உடைப்பார்.

மத்தியானத் தூக்கத்துக்கு விதிகள் கறாரானவை. 20 நிமிஷம், மிஞ்சினால் 30. பிற்பகல் 3 மணிக்குள் எழுந்துவிட வேண்டும். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்துக்குள் போய்விடுவோம், அங்கிருந்து எழுப்பினால் தலை கனத்து, இது காலையா மாலையா என்று தெரியாத அந்தக் கேடுகெட்ட மந்தம் ஒரு மணி நேரம் ஒட்டிக்கொண்டிருக்கும், ராத்திரித் தூக்கமும் போய்விடும். கட்டிலில் படுக்காதீர்கள், சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொள்ளுங்கள், முழுச் சுகம் இல்லாததே அதன் சுகம், தானாக எழுந்துவிடுவீர்கள். தூங்கித் தூங்கியும் பகலெல்லாம் சோர்வு என்றால், அல்லது குறட்டை நடுவே மூச்சு நிற்கிற மாதிரி வீட்டில் யாராவது சொன்னால், அது வேறு விஷயம், மருத்துவரிடம் போக வேண்டும்.

செல்போனை எழுப்புமணியாக வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு சாதாரண மேசைக் கடிகாரம் வாங்கி, போனை வெளி அறையில் விடுங்கள். டிக் டிக் சத்தம் தொந்தரவாக இருந்தால் கடிகாரத்துக்கு அடியில் மடித்த துணி ஒன்றைப் போடுங்கள், மரமேசைதான் அந்தச் சத்தத்தைப் பெரிதாக்குகிறது.

கைக்கடிகாரம்

இது தேவையா என்றால், தேவையில்லை. ஆனால் மணி பார்க்கப் போனை எடுத்து, மணியைப் பார்க்காமலே பத்து நிமிஷம் வேறெதையோ பார்த்துவிட்டு உள்ளே வைக்கிற கதை உங்களுக்கும் நடக்கிறது என்றால், ஒரு கடிகாரம் கட்டிக்கொள்ளுங்கள். சாவி கொடுக்கிற கடிகாரம்தான் வேண்டும் என்றில்லை. பேட்டரிக் கடிகாரத்துக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது, சாவிக் கடிகாரத்தின் சக்கரமோ நொடிக்கு 5 முதல் 8 முறைதான் அடிக்கிறது. துல்லியத்தில் பின்னது முன்னதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நொடி முன்னே பின்னே போவது அதற்குச் சகஜம். அந்தச் சின்னக் குறையும், தினம் காலையில் சாவி கொடுக்கிற அரை நிமிஷமும்தான் எனக்குப் பிடித்தவை, உங்களுக்கு எரிச்சலாக இருந்தால் பேட்டரிக்கே போய்விடுங்கள்.

சாவி கொடுக்கிற முறை இது. கடிகாரத்தைக் கையிலிருந்து கழற்றுங்கள், கட்டியபடியே சுற்றினால் சாவித்தண்டு பக்கவாட்டில் அழுத்தப்படும், நாளடைவில் வளையும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துச் சாவியைப் பிடித்து முன்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள், சுருள் இறுக இறுக விரலில் ஒரு எதிர்ப்புத் தெரியும், அங்கே நிறுத்துங்கள். கடிகாரத்தைப் பொறுத்து 20 முதல் 40 சுற்று ஆகலாம், எண்ண வேண்டாம், விரல் சொல்வதைக் கேளுங்கள். முழுச் சாவி பெரும்பாலும் 40 மணி நேரம் வரை தாங்கும் என்றாலும் தினமும் ஒரே நேரத்தில் கொடுப்பது நல்லது, சுருள் ஒரே இறுக்கத்தில் இருந்தால்தான் ஓட்டமும் ஒரே சீராக இருக்கும்.

தேதி காட்டுகிற கடிகாரம் என்றால் இரவு 9 மணி முதல் விடியற்காலை 3 மணி வரை தேதியைத் திருகாதீர்கள். அந்த நேரத்தில் தேதியை நகர்த்தும் பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கடித்துக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து திருகினால் பல் உடையும். நான் வாங்கிய முதல் மாதக் கடைசியில், ராத்திரி 11 மணிக்கு, 31ஆம் தேதி இல்லாத மாதம் என்று நினைவு வந்து பொறுப்பாக எழுந்துபோய்த் திருகினேன். டக்கென்று ஒரு சத்தம். கடைக்காரர் வாங்கும்போது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பழுதுபார்க்கப் போனபோது மட்டும் "ராத்திரியில திருகினீங்களா சார்" என்று முதல் கேள்வியே அதுதான் வந்தது. இன்னொன்று, கடிகாரம் திடீரென்று நிமிஷக் கணக்கில் முன்னால் ஓடத் தொடங்கினால் பழுதாகிவிட்டது என்று பயப்படாதீர்கள், ஒலிபெருக்கி, காந்தமூடி போட்ட டேப்லெட் உறை போன்றவற்றின் பக்கத்தில் வைத்து அதற்குக் காந்தம் ஏறியிருக்கலாம், கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒரு நிமிஷத்தில் இறக்கிவிடுவார்.

மைப் பேனா

விரல் மூட்டுகள் வலிக்கத் தொடங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். பந்துமுனைப் பேனாவுக்குள் இருப்பது கெட்டியான பசை மாதிரி மை, அதைத் தாளில் இழுக்க அழுத்த வேண்டும். மைப் பேனாவில் மை தானாகவே இறங்குகிறது, நிப்பின் நடுவில் இருக்கும் மயிரிழைப் பிளவு வழியாக நுண்குழாய் விசையால் கீழே வர, அதன் இடத்துக்குக் காற்று மேலே போகிறது. இந்தக் காற்று-மைப் பரிமாற்றத்தைச் சீராக்கி லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை வாங்கினார், அடிப்படை இன்றைக்கும் அதேதான். பேனாவின் எடையே போதும், நீங்கள் அழுத்தவே கூடாது. அழுத்தினால் பிளவு விரிந்து நிப் கெட்டுவிடும்.

பேனாவைத் தாளுக்குச் செங்குத்தாகப் பிடிக்காமல் சாய்த்துப் பிடியுங்கள், நிப்பின் பளபளப்பான மேற்புறம் வானத்தைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் எழுத்துக் கேவலமாக இருக்கும். ஒரு பக்கம் தினமும் எதையாவது எழுதுங்கள், மளிகைப் பட்டியல்கூடப் போதும். எழுதி முடித்ததும் மூடியைப் போடுங்கள், இரண்டு நாள் திறந்து கிடந்தால் மை காய்ந்து நின்றுவிடும். செய்தித்தாள் மாதிரியான முரட்டுத் தாளில் மை பரவி எழுத்துக்கு மீசை முளைக்கும், அது பேனாவின் குற்றம் இல்லை, வழவழப்பான தாளுக்கு மாறுங்கள்.

மை விஷயத்தில் மட்டும் என்னைப் போல் இருக்காதீர்கள். படம் வரைகிறவர்கள் பயன்படுத்தும் கறுப்பு மை ஒரு புட்டி வீட்டில் இருந்தது, கறுப்பு கறுப்புதானே என்று ஊற்றினேன். அந்த மையில் அரக்கு கலந்திருக்கும், காய்ந்தால் தண்ணீரில் கரையவே கரையாது. பேனா தொண்டை அடைத்துச் செத்துப்போனது. மைப் பேனாவுக்கென்றே விற்கும் சாய மை மட்டும் ஊற்றுங்கள். மாதத்துக்கு ஒரு முறையோ, மையின் நிறத்தை மாற்றும்போதோ சாதாரணத் தண்ணீரை உறிஞ்ச வைத்து வெளியே தள்ளுங்கள், தண்ணீர் தெளிந்து வரும்வரை திரும்பத் திரும்ப. வெந்நீர் வேண்டாம், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பிறகு நிப்பைக் கீழ்நோக்கிப் பருத்தித் துணியில் சுற்றி ஒரு டம்ளரில் நிற்க வைத்தால் காலைக்குள் மிச்ச ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்ளும். விரலில் நீலம் ஒட்டத்தான் செய்யும். அதைப் பொருட்படுத்துகிறவர் இந்த வழிக்கு வர வேண்டாம்.

பேனா கைக்கு வந்துவிட்டால் டைரியும் கடிதமும் தானாக வரும், அதற்குத் தனியாக வழி சொல்ல ஒன்றுமில்லை. டைரியில் சந்திப்பு நேரங்களை மட்டும் பென்சிலால் எழுதுங்கள், எப்படியும் மாறத்தான் போகின்றன.

வெந்நீர்ப் பையும் பிளாஸ்க்கும்

ரப்பர் வெந்நீர்ப் பை போல எளிய சுகம் வேறில்லை, அது போல அலட்சியமாகக் கையாளப்படுகிற பொருளும் வேறில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதி அடங்கிச் சில நிமிஷம் ஆறட்டும். மூன்றில் இரண்டு பங்குதான் நிரப்ப வேண்டும். பிறகு பையை நிறுத்திப் பிடித்து, தண்ணீர் வாய்வரை ஏறும் அளவுக்குப் பக்கங்களை மெல்ல அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டுத் திருகுங்கள், உள்ளே காற்று இருந்தால் பை உப்பிக்கொண்டு உடம்பில் பதியாது, தையலும் இழுபடும். தலைகீழாகப் பிடித்துச் சொட்டுகிறதா பாருங்கள். துணி உறை இல்லாமல் தோலில் வைக்கவே கூடாது. படுக்கையைச் சூடாக்க வைத்தால், நீங்கள் படுக்கும்போது எடுத்துவிடுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் காலுக்கு இதை வைத்துக்கொள்ளாமல் இருப்பதே மேல், சுடுவது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும், கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பருக்கும் வயதாகும். இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். சில பைகளின் கழுத்துப் பக்கம் ஒரு பூப்போல முத்திரை இருக்கும், நடுவில் இருக்கும் எண் தயாரித்த வருஷம், சுற்றியுள்ள 12 இதழும் மாதங்கள். நான் அதை அலங்காரம் என்று நினைத்து, அலமாரியில் கிடந்த எந்தக் காலத்துப் பையையோ எடுத்துப் பயன்படுத்தி, ஒரு ராத்திரி மெத்தை முழுவதும் நனைந்து எழுந்தேன். தண்ணீர் அதற்குள் ஆறியிருந்ததால் தப்பித்தேன். "ஏங்க, இந்த வயசுல இதுவுமா" என்று மனைவி கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் இல்லை.

பிளாஸ்க்கில் ஒரே ஒரு சூட்சுமம். சூடான எதையும் ஊற்றுவதற்கு முன் வெந்நீரை ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வைத்துக் கொட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சூட்டை உள்சுவரே குடித்துவிடும். பிறகு முக்கால்வாசியோடு நிறுத்தாமல் கழுத்துக்குக் கீழ்வரை நிரப்புங்கள், நிறைந்த பிளாஸ்க் அதிக நேரம் சூடாக இருக்கும். கண்ணாடிக் குடுவை வைத்த பிளாஸ்க்கைக் குலுக்கும்போது கலகலவென்று சத்தம் கேட்டால் உள்ளே இருப்பதைக் குடிக்காதீர்கள்.

கால்

வயதாகும்போது பாதத்தின் வளைவு தளர்ந்து பாதம் அகலமாகவும் கொஞ்சம் நீளமாகவும் ஆகிவிடும், ஆனால் நாம் 25 வயதில் தெரிந்துகொண்ட ஷூ அளவையே சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்போம். மாலையில் போய் அளந்து பாருங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி உண்மையான அளவில் இருக்கும், இரண்டு காலில் எது பெரிதோ அதற்கு வாங்குங்கள். நீளக் கைப்பிடி வைத்த ஷூக்கரண்டி ஒன்று வாசலில் தொங்கட்டும், பக்கத்தில் ஒரு முக்காலி. ஒற்றைக் காலில் நின்று சாக்ஸ் போடுகிற வீரத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்குள் போடுவது குதிகாலைப் பிடிக்கிற செருப்பாக இருக்கட்டும், தடுக்கி விழுவது அதிகமும் தொளதொள செருப்பால்தான்.

கைத்தடி என்றால் உடனே கௌரவம் குறுக்கே வரும். சரி, வேண்டாம் என்றால் விடுங்கள். வேண்டும் என்றால் சரியாக வாங்குங்கள். ஷூ போட்டு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும், பிடித்தால் முழங்கை லேசாக மடங்க வேண்டும். வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடியுங்கள், இதைத்தான் பாதிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள், சினிமாவிலும் அப்படியே. படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். அடியில் இருக்கும் ரப்பர் தேய்ந்து வழவழவென்று ஆனால் அன்றைக்கே மாற்றுங்கள்.

ரேடியோ

திருகிக் கண்டுபிடிக்கிற ரேடியோவில் ஒரு சுகம் இருக்கிறது, அடுத்து என்ன வரும் என்று நாம் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. கையிலேயே எல்லாப் பாட்டும் இருக்கிற இந்தக் காலத்தில் தேர்ந்தெடுப்பதே ஒரு வேலையாகிவிட்டது. பல நாடுகளில் மீடியம் வேவ் நிலையங்களை மூடிக்கொண்டு வருகிறார்கள், ஆகவே உங்கள் பக்கம் எது இன்னும் எடுக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். எஃப்எம் கேட்கக் கம்பியை இழுத்து நீட்ட வேண்டும், மீடியம் வேவுக்கு அந்தக் கம்பியால் பயனில்லை, பெட்டிக்குள் படுத்திருக்கும் ஃபெரைட் தண்டுதான் அதற்கு ஆன்டெனா. எனவே இரைச்சலாக இருந்தால் பெட்டியையே மெல்லத் திருப்புங்கள், ஒரு கோணத்தில் சட்டென்று தெளியும். செல்போன் சார்ஜரும் சில எல்இடி விளக்குகளும் பக்கத்தில் இருந்தால் உர்ரென்று உறுமும், ஜன்னலோரம் கொண்டுபோங்கள். ராத்திரியில் முயன்று பாருங்கள், பகலில் அலையை விழுங்கிக்கொண்டிருந்த வளிமண்டலத்தின் கீழ்த்தட்டு இருட்டியதும் கரைந்துவிடுவதால், எங்கோ தொலைதூரத்து நிலையம் தெரியாத மொழியில் அலையலையாக வந்து போகும். போர்வைக்குள் படுத்துக்கொண்டு அதைக் கேட்பது இருக்கிறதே!

எதை விட்டுவிட வேண்டும்

பழையது எல்லாம் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்துச் சீட்டைத் தொலைத்துவிட்டு நினைவிலிருந்து மாத்திரை சாப்பிடுவது, தேதி போன மருந்தைச் சேர்த்து வைப்பது, உடம்புக்கு ஒன்று என்றால் பிள்ளைகளிடம் மறைப்பது, இவையும் பழைய பழக்கங்கள்தான். மின்சாரம் போனாலும் வேலை செய்யும் என்று நம்பிப் பழைய தொலைபேசியை வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் ஒரு முறை விசாரித்துவிடுங்கள். செம்புக் கம்பி இணைப்பில் தொலைபேசி நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது, அதனால் ஒலித்தது. ஃபைபர் இணைப்பில் அப்படி வராது, உங்கள் வீட்டுப் பெட்டிக்குத் தனியாக பேட்டரி இல்லையென்றால் கரண்ட் போனதும் போனும் போய்விடும். செல்போனைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள், குளியலறைக்குப் போகும்போதும் கைக்கெட்டும் இடத்தில். விழுந்து கிடக்கும்போது மைப் பேனாவால் யாரையும் கூப்பிட முடியாது.

அப்புறம், "அந்தக் காலத்துல" என்று வாக்கியத்தைத் தொடங்குவதையும் விட்டுவிடுங்கள். உங்கள் பழக்கத்துக்கு நீங்கள் பிரசாரகர் கிடையாது. யாராவது கேட்டால் பொருளை அவர்கள் கையில் கொடுங்கள், விளக்க வேண்டாம்.

எந்தப் பழக்கமாவது ஆறு வாரம் ஆகியும் ஒட்டவில்லை என்றால் கூச்சப்படாமல் கைவிடலாம். எனக்கு இசைத்தட்டுப் பெட்டி அப்படி ஆனது. ஒரு பக்கம் சுமார் 20 நிமிஷத்தில் முடிந்துவிடும், எழுந்துபோய்த் திருப்பிப் போட வேண்டும், என் முழங்காலுக்கு அது ஒத்துவரவில்லை, போதாக்குறைக்கு எந்தத் தட்டைப் போட்டாலும் கரகரவென்று தேய்ந்த குரல். அக்கா மகனுக்கு 22 வயது, அவனிடம் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். "மாமா, ஊசியோட எடையை நீங்க எப்பவாவது சரிபண்ணீங்களா? இரண்டு கிராம் பக்கத்துல இருக்கணும், இது அஞ்சு கிராம் அழுத்திட்டிருக்கு" என்றான். ஊசியைத் தாங்குகிற கையின் பின்னால் இருக்கும் உருளையைத் திருகித்தான் எடையை மாற்ற வேண்டுமாம், நான் அதைப் பிடிப்பதற்கான குமிழ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போனை ஒலிபெருக்கி பக்கத்தில் வைத்து, என்னிடம் கரகரத்த அதே தட்டைப் போட்டுக் காட்டினான். தெளிவாகக் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போகிறேன், மைப் பேனாவையும் எடுத்துக்கொண்டு. அவனுக்கு நிப் கழுவத் தெரியாதாம்.